வேலு வருமுன் தூக்கிய கொடி

எங்கள் மின் ஊழியர் சங்க ஆண்டு மலர்க் குழுத் தம்பிகள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். "அங்கிள், பேனல்ல அலாரம் அடிச்சா என்ன செய்யணும்னு நம்ம பையன்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடுங்க லா" என்றார்கள். ஒரு பக்கம் எதற்கு, ஒரு வரி போதும். மணியை நிறுத்து, கொடியைத் தொடாதே. முடிந்தது. ஆனால் அந்த ஒரு வரியை மீறியதால் ஜப்பான் காலத்தில் ஒருவனுக்குக் கை போனது. இன்னொருவன் சயாமுக்குப் போய்த் திரும்பவே இல்லை. திரும்பாதவனுடைய பேர் இன்றுவரை யோங் பெங்கில் நாறிக் கிடக்கிறது. நாற வேண்டிய பேர் அது அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே பக்கம் கூடும். ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

போன மாதம் பொந்தியான் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்குப் போயிருந்தேன். என் தங்கையின் மருமகன் அங்கே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறான். சுவர் முழுக்கப் புது பேனல், வரிசை வரிசையாக விளக்குகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விளக்கு மினுக்கியது, ஹாரன் கத்தியது. அவன் இடது கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். வலது கையின் இரண்டு விரலை நீட்டி அக்னாலெட்ஜ், ரீசெட் இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கினான். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன விளக்குடா அது?"

"தெரியல மாமா. அது சும்மா கத்தும் லா. ரெண்டையும் அமுக்கினா போயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பொட்டலத்தைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். "என்னன்னு படிக்காம அமுக்குற கைய வெட்டணும்டா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வெட்டி எடுக்கப்பட்ட கை ஒன்றை நான் அறிவேன்.

பேனல் செய்தவன் இரண்டு பொத்தானை எதற்கு வைத்தான் என்று இந்தப் பையன்கள் ஒரு நாளாவது யோசிக்கிறார்களா? ஒன்று போதுமென்றால் ஒன்றுதான் வைத்திருப்பான். அக்னாலெட்ஜ் என்றால், "எனக்குக் கேட்டுவிட்டது" என்று நீ சொல்கிறாய். சத்தம் நிற்கும், விளக்கு மினுக்குவதை விட்டு நிலையாக எரியும். எரியத்தான் வேண்டும். ரீசெட் என்றால், "போய்ப் பார்த்தாயிற்று, சரியாகிவிட்டது" என்று நீ கையெழுத்துப் போடுகிறாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிற வேலை. பழுது அப்படியே இருந்தால் இந்தப் புது பேனல் ரீசெட்டுக்கு மசியாது, விளக்கை எரியவிடும். ஆனால் வந்து மறைந்த பழுது என்றால் இரண்டையும் அமுக்கியதும் தடயமே இல்லாமல் போய்விடும். அடுத்து வருகிறவன் எதையும் அறியாமல் வந்து உட்காருவான்.

எங்கள் காலத்துப் பேனலில் விளக்கு கிடையாது, கொடிதான். கொடி என்றால் துணி அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவு ஒரு சிவப்புத் தகடு. பழுது வந்தால் சுவிட்ச் தானாகத் திறந்துகொள்ளும், மின்சாரம் நிற்கும், தகடு 'டக்'கென்று விழும், மணி அடிக்கும். பித்தளைக் குமிழைத் திருப்பினால் மணி நிற்கும். விழுந்த கொடி மட்டும் விழுந்தபடியே கிடக்கும். பழுது தீர்ந்த பிறகு கண்ணாடிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை விரலால் மேலே தள்ளித்தான் அதைத் தூக்க முடியும்.

அந்த மின்கூடம் யோங் பெங்குக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குச் சொந்தம். அங்கிருந்து ரப்பர்க் கொட்டகைக்கும், ஆஸ்பத்திரிக்கும், மரம் அறுக்கும் ஆலைக்கும் கம்பி போயிற்று. நான் பொந்தியானில் பிறந்தவன். பதினெட்டு வயதில் எண்ணெய் துடைக்கச் சேர்ந்தேன், மூன்று வருடத்தில் பேனல் முன் நாற்காலி கிடைத்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது அங்கே இருந்த ஒரு வழக்கம். எஞ்சின் கொடிகளைப் பேனல்காரன் தூக்கலாம். வெளியே போகும் கம்பிகளின் கொடியை அவன் தொடவே கூடாது. கம்பி நெடுக நடந்து பார்த்து வந்த லைன்மேன்தான் தன் விரலால் அதைத் தூக்குவான். கொடி கீழே இருந்தால் ஆள் இன்னும் கம்பியில் இருக்கிறான். கொடி மேலே இருந்தால் ஆள் உயிரோடு திரும்பிவிட்டான். அதைப் பார்த்துத்தான் சுவிட்சைப் போடுவோம்.

எங்கள் லைன்மேன் வேலு. குச்சி மாதிரி உடம்பு, ஓயாத வாய். என்னோடு மாறி மாறிப் பேனலில் உட்காருகிறவன் சின்னப்பன். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், பேனலிலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். நாங்கள் மூன்று பேர்தான் அந்தக் கூடம்.

ஜப்பான்காரன் வந்தான். முதல் வாரமே ஆங்கிலத்தில் எழுதிய பலகை எல்லாவற்றையும் கழற்றி அடுப்பில் போட்டார்கள். ஆள் கம்பியில் இருக்கிறார் என்று சுவிட்ச் கைப்பிடியில் மாட்டுகிற மரப்பலகையும் அதோடு போயிற்று. ஜப்பான் எழுத்தில் புதுப் பலகை வரும் என்றார்கள். வரவில்லை. கையுறை கிழிந்தது, வேறு கொடுக்கவில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் மரம், லைன்மேன் கைக்கு ஒரு ஜோடி ரப்பர் உறை இல்லை! கடைசியில் வேலுவின் உயிருக்கு மிஞ்சியது அந்த நகம் அளவு தகடு ஒன்றுதான்.

எங்கள் மேலே வந்தவன் ஹயாஷி. படித்த எஞ்சினியர். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. தெரியாதவன் செய்தால் மடையன் என்று விட்டுவிடலாம், இவனுக்கு எல்லாம் தெரியும். எப்போதும் வெள்ளைச் சட்டை, சத்தம் போடாத குரல். காலையில் வந்ததும் கைக்குட்டையை எடுத்துப் பேனல் கண்ணாடியைத் தானே துடைப்பான். எஞ்சின் பக்கம் திரும்பமாட்டான். கொடிகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்ப்பான். ஒன்று விழுந்திருந்தாலும் கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டுத்தான் அறைவான். "பெண்டேரா ஜாத்தோ, அவாக் சாலா" என்பான். கொடி விழுந்தது, குற்றம் உன்னுடையது என்று அர்த்தம். பிறகு பெரிய ஸ்பேனரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். கை தாழ்ந்தால் மறுபடி அறை.

டீசல் கிடையாது என்று செம்பனை எண்ணெயைக் காய்ச்சி எஞ்சினில் ஊற்றச் சொன்னவனும் அவனே. எஞ்சின் பிசின் பிடித்து மூச்சு முட்டும், தினமும் கொடி விழும், அதற்கும் அடி எங்களுக்கு. என்ன நியாயம் இது? நோயைச் சொன்னவனை அடித்தால் நோய் போய்விடுமா? நாங்களும் மனிதர்கள்தானே. எஞ்சின் கொடி விழுந்த கணமே தூக்கிவிடப் பழகினோம். வேலை மாறும்போது, "எண்ணெய்க் கொடி ரெண்டு தடவ விழுந்துச்சு, பாத்துக்க" என்று காதில் சொல்லிவிட்டுச் சுத்தமான பேனலை ஒப்படைப்போம். ஹயாஷிக்குப் பரம சந்தோஷம். பழுது குறைந்துவிட்டதாம்!

வேலுவின் கொடி, அதாவது லைன் கொடிதான் இடித்தது. ஒரு நாள் மூன்று பேரும் மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டு பேசினோம்.

"எஞ்சின் கொடிய தூக்கிக்குவோம்" என்றான் சின்னப்பன். "லைன் கொடி மட்டும் வேணாம் ராமநாதா. அடி விழுந்தா விழட்டும். நம்ம அடி ஆறிடும்."

"சரி" என்றேன் நான்.

வேலு சிரித்தான். "அப்ப என் உசுருக்கு உங்க ரெண்டு பேரு கன்னமும் ஜாமீனா? பாத்து, ராமண்ணே கன்னம் ரொம்ப மெலிசு!"

சின்னப்பன் மூன்று முறை அந்தக் கொடிக்காக அறை வாங்கினான். மூன்று முறையும் வேலு திரும்பும் வரை கொடியைத் தொடவில்லை. ஒரு முறை உதடு கிழிந்து, அந்த ஞாயிறு கோயிலில் பாட முடியவில்லை. நான் ஒரு முறை வாங்கினேன். ஸ்பேனரோடு மதியம் முழுக்க வெயிலில் நின்றதில் தோள் கழன்றதுபோல் ஆகி, சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழும்பவில்லை. அது நடந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

அந்த நாள் வந்தது. காலையில் பலத்த காற்று, மழை. மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டி மர ஆலைக் கொடி விழுந்தது, சுவிட்ச் திறந்தது, மணி அடித்தது. குமிழைத் திருப்பி மணியை நிறுத்தினேன். எங்கேயோ ரப்பர்க் கிளை கம்பியில் விழுந்திருக்கும். வேலு சைக்கிளை எடுத்தான். "ராமண்ணே, கொடி பத்திரம்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனான். அது வரைக்கும் எல்லாம் முறைப்படிதான்.

இரண்டு மணிக்கு வேலை மாறும். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வாசலில் மோட்டார் வந்து நின்றது. ஹயாஷி இறங்கினான். கூடவே வாள் கட்டிய ராணுவ அதிகாரி ஒருவன். ஹயாஷி குனிந்து குனிந்து வழி காட்டி அவனை அழைத்து வருகிறான். அதிகாரி முன்னால் கொடி விழுந்து கிடந்தால் இன்று அறையோடு போகாது என்று தோன்றியது. தோள் வலித்தது. அவர்கள் படியில் கால் வைத்தார்கள். நான் விரலை நீட்டிக் குச்சியைத் தள்ளினேன். கொடி மேலே போய்விட்டது.

யாரும் என் கையைப் பிடித்துத் தள்ளவில்லை. இவர்கள் போனதும் திரும்ப இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். அதை எப்படி இறக்குவது? அது பழுது வந்தால்தான் விழும். கையால் தூக்கத்தான் முடியும், இறக்க முடியாது. தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

ஹயாஷி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான். இடமிருந்து வலமாகப் பார்த்தான். மர ஆலை சுவிட்ச் திறந்திருப்பதையும் பார்த்தான். அவன் கண் அதில் ஒரு நொடி நின்றதை நான் கண்டேன். சுவிட்ச் திறந்திருக்கிறது, கொடி மேலே இருக்கிறது, ஏன் என்று ஒரு எஞ்சினியர் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பி ஏதோ பெருமையாகச் சொன்னான். என்னிடம், "பாகோஸ்" என்றான். நல்லது என்று அர்த்தம். பிறகு பின்பக்கம் எண்ணெய்க் கொட்டகையைக் காட்ட என்னை வரச்சொல்லிச் சைகை செய்தான்.

நாங்கள் பீப்பாய்களுக்கு நடுவே நிற்கும்போது சின்னப்பன் வேலைக்கு வந்துவிட்டான். நான் அங்கே இல்லை, காதில் சொல்ல ஆள் இல்லை. ஆனால் லைன் கொடிக்குக் காதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே, அதற்குத்தானே மூன்று பேரும் பேசி வைத்தோம்? அவன் பேனலைப் பார்த்தான். கொடி மேலே இருந்தது. ராமநாதன் தொட்டிருக்கமாட்டான், ஆகவே வேலு வந்துவிட்டான் என்று முடிவு கட்டினான். மர ஆலையிலிருந்து ஆள் ஓடிவந்து, கரண்ட் இல்லாமல் ரம்பம் நிற்கிறது, கங்காணி கொல்கிறான் என்று கத்தினான். சின்னப்பன் சுவிட்சைப் போட்டான். அவன் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. முறைப்படி செய்தான். என்னை நம்பினான்.

கொட்டகையில் நிற்கிற எனக்கு மணிச் சத்தம் கேட்டது. என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது, வேலு இன்னும் கம்பியில்தான் இருந்தான்.

வேலு சாகவில்லை. கிளையை இழுத்துக்கொண்டிருந்த வலது கை கருகிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "நான் வர்றதுக்கு முந்தி என் கொடியத் தூக்குனது யாரு?"

மறுநாள் ஹயாஷி பேனல் முன்னால் எங்கள் இருவரையும் நிறுத்தினான். மலாய்க்காரக் கிராணி ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். சின்னப்பனிடம் முதலில் கேட்டான்.

"நான் வரும்போது கொடி மேலதான் இருந்துச்சு" என்றான் சின்னப்பன்.

ஹயாஷி என்னிடம் திரும்பினான். நீ வேலையை விட்டுப் போகும்போது கொடி மேலேயா, கீழேயா?

"கீழ" என்றேன்.

சின்னப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ராமநாதா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் ஹயாஷி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் பொய் சொல்கிறேன் என்று ஹயாஷிக்குத் தெரியும். கொடி மேலே இருந்ததை அவன் தன் கண்ணாலேயே பார்த்தவன், துடைத்தவன், அதிகாரியிடம் பெருமை பேசியவன். அதை ஒத்துக்கொண்டால், திறந்த சுவிட்சைக் கண்டும் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அவன் தலையில் விழும். என் பொய் அவனுக்கும் வசதியாக இருந்தது. அந்த நாசமாய்ப் போனவனும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் கூட்டுச் சேர்ந்தோம். அன்றிலிருந்து அவன் என்னை அறையவே இல்லை.

நாலு நாள் கழித்துச் சயாம் ரயில் வேலைக்கு ஆள் ஏற்றிய லாரியில் சின்னப்பனையும் ஏற்றினார்கள். அவன் மனைவி ஞானம்மாள், இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, லாரி பின்னாலேயே ஓடினார். நான் மின்கூடத்து ஜன்னலில் இருந்து பார்த்தேன். இறங்கிப் போய் ஹயாஷி காலிலாவது விழுந்திருக்கலாம். பேனலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சண்டை முடிந்தது. ஹயாஷி என்ன ஆனான் என்று தெரியாது. எனக்கு வேலை தொடர்ந்தது, பதவி உயர்ந்தது. நான் ஆள் பழக்கிய பேனல் அறைகள் ஜொகூர் முழுக்க இருக்கின்றன. கொடியைத் தூக்குவதில் ராமநாதன் மகா கறார் என்று பேர் வாங்கினேன். வெட்கக்கேடு. வேலு ஒற்றைக் கையோடு பெக்கான் நானாஸில் அன்னாசி விற்றான். பார்க்கும்போதெல்லாம் கைநிறையப் பழம் கொடுத்து, "அந்தச் சின்னப்பன் பாவி என் கைய தின்னுட்டாண்ணே" என்பான். நான் பழத்தை வாங்கிக்கொண்டு தலையாட்டுவேன். யோங் பெங்கில் ஞானம்மாளை, 'வேலு கையத் தின்னவன் பொண்டாட்டி' என்றே சொன்னார்கள். அவர் மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டே திரும்பிப் போயிற்று. எல்லாம் என் காதுக்கு வந்தது. கேட்டேன், கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். போன வருடம் வேலு இறந்தான். கடைசி வரை சின்னப்பனைத் திட்டிக்கொண்டேதான் போனான்.

சின்னப்பன் கொடியைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். கீழே இருந்தது என்று சொன்னதும் நான்தான்.

இந்த இடம் வரை எழுதி முடித்து, மலருக்கு அனுப்பும் முன் யோங் பெங் போனேன். ஞானம்மாள் மகளோடு ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார். மாலை நேரம், அக்கம்பக்கத்தார் எல்லாம் வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். என்னை, "வாங்கண்ணே" என்று உள்ளே கூப்பிட்டு, பால் விடாத தே-ஓ தேநீர் கலக்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. தாள்களை எடுத்து, முதல் வரியிலிருந்து படித்தேன்.  படித்து முடித்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது இருக்கட்டும்" என்றார். "நான் ஒருத்தி கேட்டு என்னத்துக்கு ஆகப்போவுது? அவரு செஞ்சிருக்கமாட்டாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வேலுவுக்குத்தான் தெரியாது. அவரும் போயிட்டாரு. ஏன் அவருகிட்ட சொல்லல?"

"பயம்" என்றேன்.

"ஜப்பான்காரன் போயி எத்தன வருஷமாச்சு? யாருக்குப் பயந்தீங்க?"

தாள்களை மடித்தேன். அண்ணே என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு சொல்லவில்லை. எழுந்து, என் முன்னால் இருந்த தே-ஓ கோப்பையை எடுத்து உள்ளே வைத்தார். கதவை அகலத் திறந்தார்.

"மலர் என்னைக்கு வந்து, இந்த ஊர்ல யாரு வாங்கிப் படிக்க? இந்த ஊருக்குத்தான் தெரியணும். வெளிய வாங்க. இங்க நின்னு படிங்க."

தாள்களோடு வாசலுக்குப் போனேன். எதிர் வீட்டுக் கிழவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தாள்களை விரித்தேன். முதல் வரியைப் படித்தேன்.

"கேக்கல" என்றார் ஞானம்மாள். "சத்தமா."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.